முறுக்கினா இழுக்குதில்ல: உங்கட பைக்குக்கு என்ன நடந்தது?

வெள்ளவத்தை 150:

போன வைகாசி, மழை தொடங்கின கிழமையில இருந்து என்ர பல்சர் 150 ஒரு புதுப் பழக்கம் பழகிச்சுது. 2012 மொடல். ஒரே அடியில ஸ்டார்ட் வரும். ஐட்லிங் மணிக்கூடு மாதிரி. ஒழுங்கைக்குள்ள மெல்ல உருட்டினால் ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனால் பம்பலப்பிட்டியில லைட் பச்சை விழ, நல்லா ஒரு முறுக்கு முறுக்கினன் எண்டால் "ப்பூ..." எண்டு மூச்சை விட்டிடும். மேல மேல முறுக்க இன்னும் மோசம். பின்னால 100 ஆம் நம்பர் பஸ்காரன் ஹோர்னில வைச்ச கையை எடுக்க மாட்டான்.

மழையில எங்கயோ தண்ணி போயிட்டுது எண்டுதான் நினைச்சன். முதல் போன கராஜில, பெற்றோலையும் காத்தையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புற கார்பரேட்டரக் கழட்டிக் கழுவினாங்கள். பல்சருக்கு ரெண்டு பிளக், ரெண்டையும் மாத்தினாங்கள். ஏர் பில்டரும் புதுசு. ரெண்டு நாள் நல்லா ஓடின மாதிரி இருந்தது (காசு குடுத்த கையோட எல்லாம் நல்லா ஓடுற மாதிரித்தான் இருக்கும்). மூண்டாம் நாள் பழையபடி. அடுத்த கராஜில திரும்பவும் கார்பரேட்டர் குளிப்பு, மெயின் ஜெட் (உள்ளுக்க பெற்றோல் போற பெரிய துவாரம்) புதுசு. அங்கயும் சரிவரேல்ல. பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையளில கேட்டால், "முழுக் கார்பரேட்டரையும் மாத்துங்கோ" எண்டு ஒரே சொல்லாச் சொல்லிப் போட்டாங்கள். 2020 இல வாகன இறக்குமதிய நிப்பாட்டின நேரத்தில இருந்து இந்தக் கிழவனை நான் பிள்ளை மாதிரிப் பாத்தனான். வித்துப் போட்டு வேற எடுக்கிற யோசனை அப்ப துப்பரவா இல்லை.

கடைசியில கிருலப்பனைப் பக்கம் ஒரு வயசான மெக்கானிக் பாஸிட்ட கொண்டு போனன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. "எவ்வளவு முறுக்கேக்க வருது?" எண்டு மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. மூண்டு மாசமா ஒவ்வொரு நாளும் ஓடுறன், தெரியாது! ஒரு வெள்ளை டேப்ப எடுத்து கைபிடியில ஒரு கோடு ஒட்டினார். பக்கத்து ஸ்விட்ச் பெட்டியில கால், அரை, முக்கால் எண்டு மூண்டு கோடு. "போய் ஓடிப் பாத்துக்கொண்டு வா."

பாஸ் சொன்ன கணக்கு இதுதான். கால்வாசி வரைக்கும் பைலட் ஜெட் எண்ட சின்னத் துவாரத்தின்ர ஆட்சி. காலில இருந்து முக்கால் வரைக்கும், பெற்றோல் போற வழியக் கூட்டிக் குறைக்கிற ஊசி. அதுக்கு மேலதான் மெயின் ஜெட். எந்தக் கோட்டில இருமுதோ அந்த இடத்தில தேட வேணும். எனக்கு வந்தது கால்வாசி தாண்டின உடன. அதுவும் சட்டெண்டு முறுக்கினால்தான் கூட. அப்ப நான் மாத்தின மெயின் ஜெட்டுக்கும் வருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

என்ர பைக்கில இருக்கிற வகைக் கார்பரேட்டரில எங்கட கை இழுக்கிறது காத்து வழியில இருக்கிற தட்டை மட்டும்தான். ஊசி தொங்குற பிஸ்டனை மேல தூக்குறது என்ஜின் உறிஞ்சிற உறிஞ்சல். அந்த உறிஞ்சலைப் பிடிச்சு வைச்சிருக்கிறது மேல் மூடிக்குக் கீழ இருக்கிற ஒரு மெல்லிய ரப்பர் தோல், டயப்ரம் எண்டுவினம். பாஸ் மூடியத் திறக்க முதல் விரலை உள்ளுக்க விட்டுப் பிஸ்டனை மேல தள்ளி, காத்து போற ஓட்டைய மற்ற விரலால பொத்திக்கொண்டு விட்டார். நல்ல டயப்ரம் எண்டால் பிஸ்டன் ஆறுதலா இறங்குமாம். என்ர "டக்" எண்டு விழுந்தது. பிறகு கழட்டி, ரப்பரை ரெண்டு கையாலயும் மெதுவா விரிச்சு வானத்துக்கு நேர பிடிச்சுக் காட்டினார். மடிப்பு விழுற இடத்தில ஊசி குத்தின மாதிரி ஒரு வெளிச்சப் புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொண்டு.

பதின்மூண்டு வருச ரப்பர், கொம்பனியக் குறை சொல்ல ஏலாது. ஆனால் ஒண்டு: கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே ரப்பரில பட்டால் ஊதிப் போகும், கெட்டுப் போகும். முந்திப் போன ரெண்டு கராஜிலயும் டயப்ரத்தைக் கழட்டி வைக்காமலே அதாலதான் குளிப்பாட்டினவை.

உங்களுக்கும் இப்பிடி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கோ.

தெமட்டகொட நானா:

நானும் ஒண்டு செல்றன். 2022 பெற்றோல் கஷ்டம் மறக்கேலுமா? கியூஆர் கோட் காட்டிப் பங்குக்குப் பெற்றோல் அடிக்கிறது தொடங்கின நேரம் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீட்டர். எனக்கு அது ரெண்டு நாளைக்கும் காணாது. ஒரு தெரிஞ்ச ஆள்கிட்ட கேன்ல வாங்கி ஊத்தின. அடுத்த நாளே பைக் துள்ளத் தொடங்கிச்சு. மெதுவாப் போனா ஓகே, ரேஸ் குடுத்தா (நல்லா முறுக்கினா) கட், விட்டா திரும்ப வரும்.

வாப்பா அந்தக் காலத்து ஆள். "கழட்டாத, முதல்ல போத்தல் ஒண்டு கொண்டா" எண்டார். கார்பரேட்டர்ட அடியில ஒரு சின்ன ஸ்க்ரூ ஈக்கு, அதத் தொறந்தா உள்ளுக்க நிக்கிற பெற்றோல் வெளிய வரும். காலி ஜாம் போத்தல்ல புடிச்சோம். மேல பெற்றோல், அடியில தண்ணி உருண்டை உருண்டையா, பாதரசம் மாதிரி ஓடிக்கிட்டு ஈந்திச்சு. தண்ணி பாரம், அடியிலதான் நிக்கும். மெயின் ஜெட்டும் அந்த அடியிலதான் உறிஞ்சுது. அதான் ரேஸ் குடுக்கக்கொள்ள மட்டும் வந்த.

டேங்க கழட்டிக் கவுத்தோம். துருவும் வந்திச்சு. பக்கத்துல ஆரும் பீடி பத்தாம பாத்துக்கிட்டதுதான் வாப்பாட பெரிய வேல.

கொட்டாஞ்சேனை சந்தி:

என்னோடது சின்னது. வண்டிய நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு ஹேண்டில இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்க. ரேஸ் ஏறினா கேபிள் எங்கயோ இறுகுது. எனக்கு யூ டேர்ன் அடிக்கிறப்ப எல்லாம் பைக் தானா பாஞ்சிச்சு, ஒரு நாள் முச்சக்கர வண்டிக்காரரோட பின்பக்கத்த முத்தம் குடுக்கப் பாத்தேன். கைபிடியில ரெண்டு மூணு மில்லிமீற்றர் சும்மா ஆடுற ஆட்டம் இருக்கணும். எனக்கு அது இருக்கல. புது கேபிள் போட்டவர் அத டேங்குக்கு அடியால தப்பா இழுத்திருந்தார்.

மட்டக்குளி டெலிவரி:

நான் சாப்பாடு டெலிவரி ஓடுறேன். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பைக் மேலதான். எனக்கு வந்த பிரச்சினைய சொன்னா சிரிப்பீங்க.

நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு இருபது நிமிஷம் போனதும் முறுக்க முறுக்க இழுவை கொறையும், பெற்றோல் முடிஞ்ச மாதிரி. ஓரமா நிப்பாட்டி டேங்க் மூடியத் தொறந்து பாப்பேன், பாதி டேங்க் இருக்கும். மூடிட்டு ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். இப்படியே ரெண்டு வாரம். மெக்கானிக்கிட்ட கொண்டு போனா அவர் முன்னாடி அது நல்ல புள்ளையா ஓடும். எனக்குக் கெட்ட பேரு.

ஒரு நாள் பொரளையில நிப்பாட்டி மூடியத் தொறக்கிறப்பதான் கவனிச்சேன், "உஸ்ஸ்"னு காத்து உள்ள இழுத்துச்சு. டேங்க்ல பெற்றோல் கொறையக் கொறைய அந்த இடத்துக்குக் காத்து போகணும்ல. அதுக்கு மூடியில சின்ன ஓட்டை இருக்கு. வெயிலுக்கு பெயின்ட் போகுதுன்னு அதுக்கு முந்தின மாசம்தான் ரெக்சின் கவர் ஒண்ணு வாங்கி டேங்குக்கு இறுக்கமாப் போட்டேன், மூடியும் சேத்து மூடுற மாதிரி. ஓட்டையில ஏற்கெனவே தூசி அடைச்சிருந்துச்சு, மிச்சத்த கவர் அடைச்சிருச்சு. ரெண்டு வாரமா மூடியத் தொறந்து தொறந்து நானே வைத்தியம் பாத்திருக்கேன், ஆனா வெளங்கல.

கவரக் கழட்டிட்டேன். ஓட்டைய மெல்லிசான கம்பியால குத்தி விட்டேன். பெயின்ட் போனா போகட்டும்.

ஸ்கூட்டிக்காரி:

அண்ணாமாரே, எங்களையும் கொஞ்சம் கவனியுங்கோ. ஸ்கூட்டிக்கு வேற கதை இருக்கு. முறுக்கினால் சத்தம் ஏறும், ஆள் நகராது. ராஜகிரிய மேம்பாலத்தில ஏறேக்க பக்கத்தில சைக்கிள்காரர் என்னை முந்திப் போனவர், உண்மையா. மூண்டு தரம் கார்பரேட்டர் கழுவினதுக்குக் காசு குடுத்தன்.

என்ஜின் சத்தம் ஏறுது எண்டால் பெற்றோல் போகுது, பத்துது எண்டுதானே அர்த்தம்? பெலம் சில்லுக்குப் போகேல்ல. இது எனக்கு நாலாம் தரம்தான் உறைச்சது. இடது பக்கப் பெட்டியத் திறக்க, பெல்ட் ஓரமெல்லாம் வெடிச்சு, அகலம் குறைஞ்சு போய் இருந்தது. உள்ளுக்க இருக்கிற ரோலர் ஆறும் உருண்டையா இருக்க வேணும், என்ர எல்லாம் ஒரு பக்கம் தட்டையாத் தேய்ஞ்சு, பள்ளிக்கூடத்து அழிறப்பர் மாதிரி. பைக்கிலயும் இதே மாதிரி கிளட்ச் வழுக்கலாம். ரேஸ் மட்டும் ஏறி வேகம் ஏறாட்டில் கார்பரேட்டரப் பாவம் விடுங்கோ.

ஒரு தம்பி:

எனக்கு எஃப்ஐ பைக் (கார்பரேட்டர் இல்லாம, கம்ப்யூட்டர் அளந்து பெற்றோல் தெளிக்கிறது). டயப்ரம் எல்லாம் இல்லையே, அப்ப என்ன பாக்கிறது?

கொட்டாஞ்சேனை சந்தி:

மீட்டர்ல என்ஜின் லைட் எரியுதா, சிமிட்டுதான்னு முதல்ல பாருங்க தம்பி. கனக்க பைக்ல எத்தினை தரம் சிமிட்டுதுன்ற எண்ணிக்கைதான் என்ன பழுதுன்னு சொல்ற கோட், உங்க பைக் புத்தகத்தில இருக்கும். அப்புறம் பெற்றறி டெர்மினல் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. அது லூஸா இருந்தா எஃப்ஐ பைக் பைத்தியம் புடிச்ச மாதிரி ஓடும். த்ரொட்டில் பொடிக்குள்ள (என்ஜினுக்குக் காத்து போற குழாய்) கருப்பாக் கரி படிஞ்சாலும் சின்ன முறுக்குக்கு இடறும். சென்சர நீங்களாக் கழட்டாதீங்க.

வெள்ளவத்தை 150:

எல்லாருக்கும் நன்றி. புது டயப்ரம் போட்டு ஆறு மாசமாகுது, அந்த "ப்பூ" திரும்ப வரேல்ல. டேப் கோடு மூண்டும் இன்னும் அப்பிடியேதான் இருக்கு, கழட்ட மனம் வரேல்ல. மட்டக்குளித் தம்பி, உங்கட கதைய வாசிச்சுப் போட்டு கீழ இறங்கிப் போய் மூடியத் திறந்து காது குடுத்துப் பாத்தன், சத்தம் இல்லை.

பிறகு சும்மா நிண்ட நேரம் சந்தி அண்ணை சொன்ன மாதிரி ஸ்டார்ட் பண்ணி ஹேண்டில இடது கோடிக்குத் திருப்பினன். ரேஸ் ஏறுது. நாளைக்குத் திரும்பவும் கிருலப்பனை.