புது ஏஎம்டி கார்: கொல்லிமலை ஏற்றத்துல பின்னால உருளுது, கிளட்ச் கருகுற வாடை. உதவி தேவை

மேட்டூர்_காவிரி:
எல்லாருக்கும் வணக்கம். சமீபத்துல புது கார் எடுத்தோம். 1.2 லிட்டர் பெட்ரோல், ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாம, கியரைத் தானா மாத்திக்கற வகை). கம்பெனி பேரைப் போடல. குறை வண்டியிலயா, ஓட்டுற முறையிலயான்னு இன்னும் தெரியல, அதுக்குள்ள யார் பேரையும் கெடுக்க வேணாம்.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். சீட் உயரமா இருக்கறதால முட்டி வலிக்கிற எங்க அம்மா யார் கையும் பிடிக்காம ஏறி இறங்குறாங்க. அதுக்காகவே இந்த வண்டி எனக்குப் பிடிச்சுப்போச்சு. சேலம் டவுன் நெரிசல்ல இடது கால் சும்மா இருக்கறது பெரிய நிம்மதி. ஸ்டியரிங் லேசு. ஏசி மத்தியான வெயில்லயும் சீக்கிரம் குளுருது.

பிரச்சினை கொல்லிமலையில. காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோடு. அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான். பாதி மலை வரைக்கும் நல்லாத்தான் ஏறுச்சு. ஒரு வளைவுல முன்னால போன பஸ் நின்னுது, நானும் நின்னேன். பஸ் கிளம்பினதும் பிரேக்கை விட்டா, வண்டி முன்னால நகராம பின்னால உருளுது! பின்னாடி ஒரு பைக், அதுல குழந்தை. பதறிட்டேன். ஆக்சிலேட்டர் கொடுத்ததும் ஒரு உதறு உதறித்தான் ஏறுச்சு. அதுக்கப்புறம் நிக்கிற இடமெல்லாம் இதே கதை. கொஞ்ச நேரத்துல கருகுற வாடை, டிஸ்ப்ளேல கியர் படம் மின்னி பீப் சத்தம்.

சர்வீஸ் சென்டர்ல கேட்டா, "எல்லா ஏஎம்டியும் இப்படித்தான் சார், பழகிடும்"னு அனுப்பிட்டாங்க. உண்மையாவே இப்படித்தானா?

ராசிபுரம்_பட்டறை:
தம்பி, வாடையை வச்சு மட்டும் எதையும் சொல்ல முடியாது. மூணு விஷயம் சொல்லுங்க. உங்க வேரியன்ட்ல ஹில் ஹோல்டு (ஏற்றத்துல பிரேக்கை விட்டதும் வண்டி உருளாம கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கற வசதி) இருக்கா? சமதரையில D (முன்னால ஓட்டற நிலை) போட்டு பிரேக்கை விட்டா, ஆக்சிலேட்டர் தொடாமலே வண்டி தானா ஊர்ந்து நகருதா? ஏற்றத்துல நிக்கும்போது பிரேக்ல நின்னீங்களா, ஆக்சிலேட்டரை லேசா அழுத்தியே பிடிச்சு வச்சிருந்தீங்களா?

கோவை_ஸ்டியரிங்:
ஏஎம்டி எடுத்ததே தப்புங்க. கொஞ்சம் கூடப் போட்டு டார்க் கன்வெர்ட்டர் வகை முழு ஆட்டோமேட்டிக் எடுத்திருந்தா இந்தத் தலைவலியே இல்ல. வித்துட்டு மாறிடுங்க.

மேட்டூர்_காவிரி:
பட்டறை அண்ணே, ஹில் ஹோல்டு இல்ல, மேல் வேரியன்ட்லதான் தர்றாங்க. ஏற்றத்துல முழுக்க பிரேக்லதான் நின்னேன். நீங்க சொன்னபடி வீட்டு வாசல்ல பார்த்தேன். பிரேக்கை விட்டதும் சில நேரம் அப்படியே நிக்குது, அப்புறம் திடீர்னு குதிச்சு நகருது. ரிவர்ஸ்லயும் அதேதான்.

கோவை அண்ணா, புது வண்டியை வித்தா எவ்வளவு நட்டம்னு உங்களுக்கே தெரியும். மேனுவலை விட அரை லட்சம் அளவுக்குக் கூடப் போட்டுத்தான் இதையே எடுத்தோம். டார்க் கன்வெர்ட்டர் எங்க பட்ஜெட்டுக்கு வெளியில.

ராசிபுரம்_பட்டறை:
அப்போ "எல்லா ஏஎம்டியும் இப்படித்தான்"ங்கறதை ஏத்துக்காதீங்க. வாசல்ல பார்த்தீங்களே, அங்கதான் விடை இருக்கு.

2014ல மாருதி செலேரியோ வந்தப்போதான் நம்ம ஊர் ஜனங்களுக்கு ஏஎம்டி பரவலாத் தெரிய வந்துச்சு. அப்போலேர்ந்து பல பேர் இதை முழு ஆட்டோமேட்டிக்னு நினைக்கிறாங்க. உள்ள இருக்கறது அதே மேனுவல் கியர் பாக்ஸ், அதே உலர் (எண்ணெய்ல நனையாத) கிளட்ச் பிளேட். உங்க இடது கால் செய்ற வேலையை ஆக்சுவேட்டர்னு ஒரு கருவி செய்யுது, அவ்வளவுதான். டார்க் கன்வெர்ட்டர்ல இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல எண்ணெய் இருக்கும், அது எவ்வளவு நழுவினாலும் பிளேட் தேயாது. இதுல பிளேட் நழுவினா உரசல், உரசினா சூடு, சூடு ஏறினா அந்த வாடை.

கிளட்ச் எந்த இடத்துல பிடிக்க ஆரம்பிக்குதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருக்கணும். பைட் பாயின்ட்னு சொல்வோம். கத்துக்குட்டி டிரைவர் கிளட்ச்சை எங்க விடணும்னு தெரியாம தடுமாறுவார் பாருங்க, கம்ப்யூட்டர் வச்சிருக்கற கணக்கு தப்பா இருந்தா வண்டியும் அப்படித்தான் தடுமாறும். லேட்டாப் பிடிக்கும், பிடிக்கும்போது குதிக்கும். புது பிளேட் படிய படிய அந்த இடம் மாறும். வண்டி தானாவே அதைத் திருத்திக்கணும், சில வண்டியில அது சரியா நடக்காது. ஸ்கேனர் மாட்டி கிளட்ச் லேர்னிங் பண்ணினா, அதாவது அந்த இடத்தைக் கம்ப்யூட்டருக்குப் புதுசா கத்துக்கொடுத்தா, சரியாகும். அதிலயும் சரியாகலைன்னா ஆக்சுவேட்டரைப் பார்க்கணும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனா வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க. "சமதரையில க்ரீப் (தானா ஊர்றது) தாமதம், ஏற்றத்துல பின்னால உருளுது, கிளட்ச் வாடை, எச்சரிக்கை பீப்"னு ஜாப் கார்டுல (சர்வீஸுக்கு விடும்போது புகாரை எழுதற தாள்) எழுத வையுங்க. ஃபால்ட் கோடு (கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்சிருக்கற கோளாறு எண்) எடுக்கச் சொல்லுங்க, லேர்னிங் பண்ணச் சொல்லுங்க. டெக்னீஷியனைப் பக்கத்துல உக்கார வச்சு நீங்களே ஒரு ஏற்றத்துல நிறுத்திக் காட்டுங்க. கிளட்ச் பிளேட்டை தேயுற பொருள்னு சொல்லி வாரன்டியில கழிச்சு விடறது வழக்கம். பின்னாடி பேச்சு வந்தா ஆரம்பத்துலயே எழுதின புகார்தான் உங்க பக்கம் நிக்கும்.

மலைவழி_டிரைவர்:
பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். கம்ப்யூட்டர் சங்கதி பட்டறைக்காரர் சொன்னது. நான் ரோட்டு சங்கதி சொல்றேன்.

முன்னால பஸ்ஸோ லாரியோ போனா வளைவுக்குள்ள அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போகாதீங்க. வளைவுக்கு முன்னாலயே, ஏற்றம் குறைவா இருக்கற இடத்துல நின்னுடுங்க. பஸ் முழுசாத் திரும்பி மேல போனதும் ஒரே மூச்சுல ஏறுங்க. கொண்டை ஊசியோட உள்பக்கம்தான் செங்குத்து. அதுல நின்னு எடுக்கறது பழகின மேனுவல்காரனுக்கே கஷ்டம். மலைப்பாதையில ஏறுற வண்டிக்குத்தான் இறங்குற வண்டி வழி விடணும், 2017 மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறையிலயே இருக்கு. இப்போ பாதிப் பேர் அதை மதிக்கறதில்ல. எனக்கு அது ரொம்ப வருத்தம்.

நின்னே ஆகணும்னா ஹேண்ட் பிரேக்கை இழுத்துடுங்க. கிளம்பும்போது ஆக்சிலேட்டரை லேசா கொடுங்க, வண்டி முன்னால இழுக்கறது உடம்புக்கே தெரியும், அப்போ ஹேண்ட் பிரேக்கை விடுங்க. ஒரு அங்குலம்கூட பின்னால போகாது. உங்க வண்டிக்கு ஹில் ஹோல்டு இல்லைன்னு கவலை வேணாம். அது இருந்தாலும் ரெண்டு விநாடி அளவுக்குத்தான் பிடிக்கும்.

இறங்கும்போது D-ல விடாதீங்க. M (கியரை நாமளே மாத்தற நிலை) போட்டு ரெண்டாவது, செங்குத்தா இருந்தா ஒண்ணாவது. எந்தக் கியர்ல ஏறினீங்களோ அதுலயே இறங்கணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா சூடாகி பிடிக்காமப் போயிடும்.

வால்பாறை_வளைவு:
நான் ஓட்டறது டூயல் கிளட்ச் (ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்), அதுவும் உலர் வகை. ஆழியார்லேர்ந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, ரோடு காலியா இருந்தா அதுல இந்த கியர் பாக்ஸ் மாதிரி சந்தோஷம் தர்றது எதுவும் இல்ல. கியர் மாறறதே தெரியாது. ஆனா லீவு நாள்ல வரிசையா ஊர்ந்துக்கிட்டே ஏறினா எனக்கும் சூடு எச்சரிக்கை வந்திருக்கு. விலை கூடின வண்டிக்கும் உலர் கிளட்ச்சுன்னா இதே பத்தியம்தான். வாடை வந்தா சமமான இடமாப் பார்த்து நிறுத்தி, N-ல (நியூட்ரல்) வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் மணி நேரம் ஆற விடுங்க.

மலையில பார்க் பண்றதையும் கவனிங்க. பெரும்பாலான ஏஎம்டியில P (பார்க்கிங் நிலை) கிடையாது. கியர்ல வச்சே இன்ஜினை ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல்லு வையுங்க.

மேட்டூர்_காவிரி:
எல்லாருக்கும் மனசார நன்றி. போய் எழுத வச்சேன். முதல்ல தயங்கினாங்க. டெக்னீஷியனைக் கூட்டிக்கிட்டுப் போய் ஏற்றத்துல நிறுத்திக் காட்டினதும் அவரே, "ஆமாங்க, லேட்டாத்தான் பிடிக்குது"ன்னு ஒத்துக்கிட்டார். ஸ்கேனர்ல கோடு இருந்துச்சு. லேர்னிங் பண்ணினாங்க. இப்போ பிரேக்கை விட்டதும் பூ மாதிரி நகருது.

அதே அஞ்சு பேரோட ஏற்காடு போயிட்டு வந்தோம். 20 வளைவு, நடுவுல ரெண்டு இடத்துல நிக்க வேண்டி வந்துச்சு. டிரைவர் ஐயா சொன்ன ஹேண்ட் பிரேக் முறையில எடுத்தேன். உருளல, வாடை இல்ல. அம்மா தூங்கிட்டே வந்தாங்க.

ஒண்ணு மட்டும் மிச்சம்: ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு மாறும்போது தலை முன்னால ஆடுது. இதுக்கும் ஸ்கேனரா?

ராசிபுரம்_பட்டறை:
இல்ல தம்பி, இது ஏஎம்டியோட சுபாவம். கியர் மாத்தற நேரத்துல கிளட்ச் விலகும், இழுவை விட்டுப்போகும், அதான் தலை ஆடுது. கியர் மாறப் போகுதுன்னு இன்ஜின் சத்தத்துலயே தெரியும். அந்த நொடியில ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, மாறினதும் திரும்பக் கொடுங்க. ஆட்டம் பாதிக்கு மேல குறைஞ்சிடும்.

கோடு எடுத்த பிரின்ட்டையும் ஜாப் கார்டு நகலையும் வாங்கி வச்சீங்களா? வாங்கலைன்னா நாளைக்கே போய் வாங்கிடுங்க.