எங்கள் ஊரில் ஏன் எல்லாக் காரும் வெள்ளை?

உப்புவெளியான்:

நேற்று திருகோணமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வரத் தாமதம். மண்டபத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டு, செய்ய வேறு வேலை இல்லாததால், நிறுத்தியிருந்த கார்களை எண்ணினேன். மொத்தம் 27. வெள்ளை 13, சில்வர் 5, சாம்பல் 4, கறுப்பு 3, ஒரு கருநீலம், ஒரு சிவப்பு அல்டோ. கல்யாண வீடா, ஆஸ்பத்திரித் தரிப்பிடமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

அப்பாவின் மொறிஸ் மைனர் இளம்பச்சை. பக்கத்து வீட்டு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். இன்று கோட்டைப் பக்கம் அலைகிற மானுக்குக்கூட உடம்பில் புள்ளி இருக்கிறது, எங்கள் கார்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்போது நானும் பழைய கார் ஒன்று தேடி அலைகிறேன். ஒரு நீல டொயோட்டா விட்ஸ் மனதுக்குப் பிடித்தது. புரோக்கர், "நீலம் வேண்டாம், விற்கும்போது அழுவீர்கள்" என்கிறார். நான் இன்னும் வாங்கவே இல்லை. இது கொம்பனிக்காரர் செய்த வேலையா, எங்கள் பயமா? சொல்லுங்கள்.

கிண்ணியா வாகனக்காரன்:

தம்பி, புரோக்கர் சொன்னதில் பிழையில்லை. நானும் அந்தத் தொழில்தான். வெள்ளை வேகன் ஆர் ஒன்றைப் பின்னேரம் விளம்பரத்தில் போட்டால் மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வரும்போதே போன் அடிக்கும். நீலத்துக்கும் ஆள் வரும். சுற்றிச் சுற்றிப் பார்ப்பார், டயரைத் தட்டுவார், கடைசியில் "வீட்டில் நிறம் பிடிக்கவில்லையாம்" என்று ஐம்பதாயிரம் குறைக்கச் சொல்வார். பேரம் பேச நிறம் ஒரு பிடி. வெள்ளையில் அந்தப் பிடி இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான கார் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கார் காணி மாதிரி ஆகிவிட்டது. காணியை யாராவது நிறம் பார்த்து வாங்குவார்களா?

சிவப்பு அல்டோ:

அந்தச் சிவப்பு அல்டோ என்னுடையதுதான்! எண்ணியவர் இலக்கத் தகட்டையும் எழுதாமல் விட்டதற்கு நன்றி.

கிண்ணியா நானா, உங்கள் கணக்கை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நான் வெள்ளை வாங்குவது அடுத்தவர் வெள்ளை கேட்பார் என்று. அவர் வெள்ளை கேட்பது அவருக்கு அடுத்தவருக்காக. அப்படியே போனால், வெள்ளையை உண்மையாகவே ஆசைப்பட்டுக் கேட்கிற அந்த ஆள் எந்த ஊரில் இருக்கிறார்? ஒருவரும் கண்டதில்லை. காணாத மனிதருக்காக ஊர் முழுக்க வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அமெரிக்காவில் ஐசீகார்ஸ் என்ற வாகன இணையத்தளம் பழைய கார் விலைகளை ஆராய்ந்தபோது, மூன்று வருடத்தில் விலை மிகக் குறைவாக இறங்கியது மஞ்சள் கார்களுக்குத்தான். வெள்ளையும் கறுப்பும் அந்தளவு தாங்கவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கிண்ணியா வாகனக்காரன்:

தங்கச்சி, அங்கே மஞ்சளில் ஓடுவது பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கார். தேடுகிறவன் தேடி வாங்குவான், வண்டி குறைவு, விலை நிற்கும். நிலாவெளி வீதியில் மஞ்சள் விட்ஸ் ஒன்றை நிறுத்திப் பாருங்கள். வாங்க ஆள் வரமாட்டார், பள்ளிக்கூட வான் என்று நினைத்துப் பிள்ளைகள் ஏறும்.

ஆறாம் கட்டை டிங்கர்:

யாவாரம் கதைக்கிறீர்கள், வெயிலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. முப்பது வருடமாக ஸ்ப்ரே கன் பிடிக்கிறேன். எங்கள் ஊரில் காருக்கு இரண்டு எதிரி: வெயிலும் உப்புக் காற்றும். சிவப்புக் கார் ஒன்றைப் பத்து வருடம் திறந்த வெளியில் விட்டுப் பாருங்கள், பொனட்டும் கூரையும் முதலில் மங்கும். பழைய சாதாரணச் சிவப்பென்றால் வெளிறி மீன் செவுள் மாதிரி ஆகிவிடும், கையால் தடவினால் தூள் ஒட்டும். பிந்தி வந்தவற்றில் மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இருப்பதால் நிறம் கொஞ்சம் தாங்கும். ஆனால் அந்தக் கிளியர் பொரிந்து, வெயிலில் உரிந்த தோல் மாதிரிச் செதில் செதிலாக எழும்பும். கறுப்பில் துணி பட்ட ஒவ்வொரு கீறலும் சிலந்தி வலை மாதிரித் தெரியும். வெள்ளை இதையெல்லாம் மறைக்கும். தொட்டுப் பார்த்தாலே தெரியுமே, மத்தியானம் கறுப்புக் கார்க் கதவைத் திறக்கிறவர் கையை உதறுவார்.

தங்கச்சி கோபிக்க வேண்டாம், உங்கள் அல்டோவின் கூரையை ஒருமுறை ஏணி வைத்துப் பாருங்கள்.

சிவப்பு அல்டோ:

பார்த்தாயிற்று ஐயா. மங்கித்தான் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வளவில் என் காரைத் தேடி நான் ஒருநாளும் அலைந்ததில்லை. வெள்ளைக் கார்க்காரர்கள் ரிமோட்டை அமத்திக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்.

புல்மோட்டை மணல்:

டிங்கர் ஐயா சொன்னதற்குப் பின்னால் இருக்கிற விசயம் எங்கள் மாவட்டத்துக்கே சொந்தம் என்பது கனபேருக்குத் தெரியாது. காரின் வெள்ளை என்பது டைட்டானியம் டைஒக்சைட். அதை எடுப்பது இல்மனைட், றூட்டைல் என்கிற கனிமங்களில் இருந்து. புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிறதே, அந்த மணல்தான். காலில் ஒட்டினால் கரி பூசியது போலிருக்கும். இங்கே கழுவிப் பிரித்துக் கப்பலில் ஏற்றிவிடுகிறோம். உலகம் அதிகம் பாவிக்கிற வெள்ளைச் சாயம் எங்கள் கறுப்பு மணலில் இருக்கிறது, அதை வெள்ளையாக்கிற வேலை மட்டும் வேறு நாட்டில் நடக்கிறது. (இந்த வயிற்றெரிச்சலைத் தனித் திரியில் கொட்டுகிறேன்.)

அந்தச் சாயம் ஒளியை நன்றாகத் தெறிக்க வைக்கும். கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தார் 2011இல் கறுப்புக் கார் ஒன்றையும், வெள்ளை மாதிரியே வெயிலைத் தெறிக்க வைக்கிற சில்வர்க் கார் ஒன்றையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்தார்கள். கூரையில் 25 பாகை வரை வித்தியாசம். உள்ளே காற்றில் 5, 6 பாகை. அதற்கேற்ப ஏசியின் வேலை குறையும்.

உப்புவெளியான்:

சரி, வெயில் காரணம் என்றால் ஒன்று கேட்கிறேன். பனி கொட்டுகிற நாடுகளிலும் ஏன் இதே வெள்ளை, கறுப்பு, சாம்பல்? பெயின்ட் கொம்பனிகள் வருடா வருடம் வெளியிடுகிற கணக்கில் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு புதிய கார் நிறமில்லாத நிறம்தான். அமெரிக்காவில் 2004இல் 60 சதவீதமாக இருந்தது 2023இல் 80 ஆகியிருக்கிறது என்று அல்டோ அக்கா சொன்ன அதே ஐசீகார்ஸ்தான் சொல்கிறது. அந்த இருபது வருடத்தில் சூரியனா கிட்ட வந்தது?

புல்மோட்டை மணல்:

நல்ல கேள்வி. தொழிற்சாலைப் பக்கம் போக வேண்டும். கார்த் தொழிற்சாலையில் மின்சாரமும் எரிபொருளும் அதிகம் குடிப்பது பெயின்ட் பகுதி. ஒரு நிறத்தில் இருந்து அடுத்த நிறத்துக்கு மாறும்போது ஸ்ப்ரே கன்னையும் குழாயையும் கரைப்பான் விட்டுக் கழுவ வேண்டும். போகிற பெயின்ட் வீண், நேரமும் வீண். பத்து நிறத்துக்குப் பதில் ஐந்து நிறம் வைத்தால் இருப்பும் குறைவு, விற்காமல் முற்றத்தில் கிடக்கிற காரும் குறைவு.

இது புதுக் கதையும் இல்லை. போர்ட் கொம்பனியின் மொடல் ரீ கார் 1908இல் வந்தபோது பச்சை, சிவப்பு, சாம்பல் எல்லாம் இருந்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டும். ஒரே நிறம், மலிவு, வேலை கெதியாக முடியும். அவர்களை உலுப்பியது நிறம்தான்: டூப்பொன்ட் கொம்பனியின் டூக்கோ என்ற கெதியாகக் காய்கிற பெயின்ட் 1920களின் நடுவில் வந்தது, ஜெனரல் மோட்டர்ஸ் அதைப் பூசி நீலக் கார் விற்றது. ஆகவே நிறம் ஒருமுறை செத்து ஒருமுறை உயிர்த்த சாமான்.

ஆறாம் கட்டை டிங்கர்:

உலுப்பட்டும். எனக்கு வேண்டியது பிழையில்லாத வெள்ளை. ஆனால் எல்லா வெள்ளையும் ஒன்றில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், வெள்ளைக்காரர் கட்சி என்று என்னை எழுதிவிடாதீர்கள். சாதா வெள்ளை என்றால் பம்பரில் ஒரு சுரண்டல், மத்தியானம் அடித்துப் பின்னேரம் கொடுக்கலாம். பேர்ள் வெள்ளை வந்தால் எனக்குத் தலைவலி. கீழே வெள்ளை, நடுவில் மைக்கா கலந்த பேர்ள், மேலே கிளியர், மூன்று தட்டு. நடுத்தட்டை ஒரு தரம் கூட அடித்தாலும் குறைத்து அடித்தாலும் நிறம் மாறிவிடும். சோதனைக்கு ஒரு தகரத் துண்டில் அடித்து, காருக்குப் பக்கத்தில் பிடித்து, ஒருதரம் வெயிலில், ஒருதரம் நிழலில் பார்ப்பேன். நேராகப் பார்த்தால் ஒத்துப் போகும், சரித்துப் பார்த்தால் ஒத்துப் போகாது. ஒரு கதவுக்கு அரைநாள் அதில் போகும். ஆட்கள் அதையும் கூடக் காசு கொடுத்து விரும்பி வாங்குகிறார்கள்.

கிறவல் றோட்டில் ஓடுகிறவர்களுக்கு உண்மையில் உதவுவது சில்வர்தான். தம்பலகாமத்துத் தூசியும் அதில் தெரியாது. வெள்ளையில் கதவுக் கீழ்விளிம்பில் துரு கசிந்தால் தேநீர் சிந்தியது போல் கோடு இறங்கும்.

சிவப்பு அல்டோ:

ஐயா, அதே வெயிலில்தானே ஓட்டோக்கள் ஓடுகின்றன? சிவப்பு, பச்சை, நீலம், பின்னால் ஒரு கண்ணாடியில் அம்மன், இன்னொன்றில் வாசகம். அதற்கும் உப்புக் காற்று அடிக்கிறது, அதையும் விற்கிறார்கள். ஓட்டோ ஓடும்வரை நிறத்தில் ஆசையாக இருக்கிற அதே மனிதர் காசு சேர்த்துக் கார் வாங்கியவுடன் வெள்ளைக்கு மாறிவிடுகிறார். இது பெயின்ட் விசயமே இல்லை, மரியாதை விசயம். அதிகாரியும் டொக்டரும் வெள்ளையில் வருகிறார்கள், நாமும் அப்படித் தெரிய வேண்டும். இப்போது புதிதாகப் பளபளப்பே இல்லாத சாம்பல் ஒன்று வந்திருக்கிறதே, நனைந்த சீமெந்து மாதிரி, அதற்கு என்ன வெயில் காரணம்? மேசன் பூசி முடிக்காமல் போன சுவர் போல இருக்கிறது. அதை ஸ்டைல் என்கிறார்கள்.

கிண்ணியா வாகனக்காரன்:

மரியாதை உண்டுதான், மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக் கார் கேட்டு வருகிறவர் பச்சை கேட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் ஓட்டோ வேறு கணக்கு. அது வீதியில் கையைக் காட்டுகிறவர் கண்ணில் பட வேண்டும். கார் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது, பொலிஸ் கண்ணிலும் சேர்த்து.

உப்புவெளியான்:

நானா, கண்ணில் படாமல் இருந்தால் நல்லது என்று கந்தளாய் வீதியில் சொல்லிப் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் விபத்துப் பதிவுகளைப் பார்த்தபோது, பகல் வெளிச்சத்தில் கறுப்புக் கார் வெள்ளையைவிட ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதலாக விபத்தில் மாட்டுவதாகக் கண்டார்கள். சாம்பலும் சில்வரும் கிட்டத்தட்ட அதே நிலை.

புல்மோட்டை மணல்:

அப்படியென்றால் நீங்கள் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டீர்களே! அந்தக் கணக்கில் வெல்வது வெள்ளை. நீலமும் சிவப்பும்கூட வெள்ளைக்குப் பின்னால்தான் நின்றன.

உப்புவெளியான்:

சொந்த வலையில் விழுந்தேன். சரி, வெள்ளைக்கு ஒரு புள்ளி. ஆனால் சாம்பலுக்கும் சில்வருக்கும் அந்தச் சாட்டு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மண்டபத்து வரிசையில் அவை ஒன்பது. அவர்கள் பாதுகாப்புக்காக வாங்கவில்லை.

2023இல் இத்தாலியின் பியற் கார்க் கொம்பனி இனிச் சாம்பல் நிறக் கார் செய்வதில்லை என்று அறிவித்தது. அதன் தலைவரே ஒரு காருக்குள் இருந்துகொண்டு, காரோடு சேர்ந்து செம்மஞ்சள் பெயின்ட்டுக்குள் இறங்கினார். விளம்பரம்தான், தெரியும். ஆனாலும் ஒரு கொம்பனியால் அப்படிச் சொல்ல முடிகிறதென்றால், மற்றக் கொம்பனிகளுக்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை.

கிண்ணியா வாகனக்காரன்:

இத்தாலியில் இறங்குவார்கள் தம்பி. இங்கே ஜப்பான் ஏலத்தில் எடுக்கிறவர் தன் காசைப் போட்டு எடுக்கிறார். நீலம் ஒன்று மூன்று மாதம் முற்றத்தில் நின்றால் வட்டி யார் கட்டுவது? வாங்குகிறவர் கேட்டால் நாளைக்கே எடுப்பார். நீங்களே இன்னும் அந்த நீல விட்ஸை வாங்கவில்லையே, இரண்டு நாளாக எங்களோடு கதைக்கிறீர்கள்.

சிவப்பு அல்டோ:

இது சரியான கேள்வி. நானா சொன்னதில் முதல் தடவையாக உடன்படுகிறேன்.

உப்புவெளியான்:

பயம்தான், ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அந்த விட்ஸின் இடப்பக்க முன்கதவு மட்டும் கொஞ்சம் கடுநீலமாகத் தெரிந்தது. விற்கிறவர் நிழல் என்கிறார்.

ஆறாம் கட்டை டிங்கர்:

நிழல் ஒரு கதவில் மட்டும் விழாது. கதவைத் திறந்து றப்பர் பீடிங்கை விரலால் இழுத்துப் பாருங்கள், அடியில் நீலக் கோடு படிந்திருந்தால் பிறகு அடித்தது. பிணைச்சல் போல்ட்டின் தலையில் பெயின்ட் வெடித்திருக்கிறதா பாருங்கள், வெடித்திருந்தால் கதவு கழற்றிப் பூட்டியது. குனிந்து கதவோரமாக ஒரு கண்ணால் பார்த்தால் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி தெரியும், பக்கத்துக் கதவில் அது இருக்காது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் என்ன நிறம் எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். நீலம் என்று இருந்தால் கவலையில்லை, ஒரு கதவு அடிபடாத கார் இந்த ஊரில் இல்லை. வெள்ளை என்று இருந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

பத்து மணிக்கு முன் கொண்டு வந்தால் நானே பார்த்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு வெயிலில் எல்லா நீலமும் ஒன்றுதான்.