மறு: கோல்ஃப் ‘ஃபர்கிவ்னஸ்’ – ‘பொறை’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையை ஒரு மடல் விடாமல் படித்தேன். நாம் தமிழில் எழுதிவரும் கோல்ஃப் கையேட்டின் நான்காம் அத்தியாயம், ‘ஃபர்கிவ்னஸ்’ என்ற இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் முடிவாகாததால் நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்த பரிந்துரைகள்:

> மன்னிக்கும் இரும்பு
> ஆட்டமேம்பாட்டு இரும்பு
> நெடுந்தொலைவுத் திருத்துகோல்
> பிழைதாங்கி

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. கோல்ஃபில் அயன் என்பது பந்தைத் தரையிலிருந்து தூக்கி அடிக்கும் உலோகத் தலைக் கோல். அதில் புதிதாக ஆடுபவர்களுக்கென்றே ஒரு வகை உண்டு. தலை பெரிது, அடிப்பாகம் தடிமன், முதுகு குழிந்திருக்கும். பந்து நடுவில் படாவிட்டாலும் அதிகம் கெட்டுப்போகாது, தூரமும் கூடுதலாகப் போகும். அந்த முதல் குணத்தைத்தான் ஆங்கிலத்தில் ஃபர்கிவ்னஸ் என்கிறார்கள்.

நான் இருப்பது பெங்களூரு தொம்மலூரில். சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு இருக்கும் அதே தொம்மலூர். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கோல்துணைவராக, அதாவது ஆடுபவரின் பையைச் சுமந்து கோல் எடுத்துக்கொடுப்பவராக, இருந்தவர். (கேடி என்று எழுதினால் தமிழில் படிக்கக்கூடாத பொருள் வந்துவிடும் என்பதால் இந்தச் சொல்லை நாம் முன்பே முடிவு செய்துவிட்டோம்.) அவருடைய அப்பாவும் அதே வேலைதான், வட ஆர்க்காட்டிலிருந்து வந்த குடும்பம். நான் தொழிலில் எந்திர வடிவமைப்பாளன். கோல்ஃப் இரண்டு வருடப் பழக்கம்தான், அதுவும் அவர் கற்றுக்கொடுத்தது.

முதலில் நான் வாங்கியது ஒரு பழைய பிளேடு செட், இரண்டாம் கை. தலை ஒல்லியாக, முதுகு தட்டையாக, பார்க்கக் கத்தி மாதிரி அழகாக இருந்தது. விலையும் குறைவு. ஆனால் நடு தப்பிப் பட்ட ஒவ்வோர் அடிக்கும் மணிக்கட்டு வரை ஒரு குத்து ஏறும். டிசம்பர் காலைக் குளிரில் அது எப்படி இருக்கும் என்று இங்கே ஆடுபவர்களுக்குத் தெரியும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய மாணவர் ஒருவரின் குழிமுதுகு செட்டை எடுத்து வந்தார். கூடவே ஒரு டால்கம் பவுடர் டப்பா.

பவுடரைக் கோலின் முகத்தில் தூவி விரலால் பரப்பினார். அடித்ததும் பந்து பட்ட இடத்தில் மட்டும் பவுடர் போய், ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் சிறிய வட்டம் தெரியும். முதலில் பிளேடில் அடித்தேன். வட்டம் நடுவில் இல்லை, நுனிப்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி இருந்தது. பந்து வலப்பக்கமாகச் சரிந்து 100 கெஜப் பலகைக்கு முன்பே விழுந்தது. துடைத்துவிட்டு அடுத்த கோலை எடுத்தேன். அதே தப்பு, வட்டம் அதே இடத்தில். ஆனால் பந்து பலகையைத் தாண்டி, ஏறக்குறைய நேராகப் போய் விழுந்தது. கையிலும் குத்து இல்லை, ஒரு மெல்லிய அதிர்வு மட்டும்.

அண்ணன் சொன்னது: “இது தாங்கும், தம்பி. தப்பா பட்டாலும் தாங்கும்.”

இந்தத் ‘தாங்கும்’ பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் ‘மன்னிப்பு’ ஏன் எனக்கு ஒப்பவில்லை என்று சொல்லிவிடுகிறேன். மன்னித்தால் குற்றம் இல்லாமல் போய்விடும். இந்தக் கோலில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நுனியில் பட்ட அடி, நடுவில் பட்ட அடியை விடக் குறைவாகத்தான் போகும். இழப்பு இருக்கிறது, அதன் அளவு குறைகிறது. மன்னிப்பு என்று எழுதினால் படிக்கிற பதினான்கு வயதுப் பையன், நாம் எப்படி அடித்தாலும் கோல் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொள்வான். ‘மேம்பாடு’, ‘திருத்து’ இரண்டும் இன்னும் மோசம். கோல் யாருடைய ஆட்டத்தையும் திருத்துவதில்லை. என் அடி இன்றைக்கும் நுனியில்தான் படுகிறது.

அப்படியானால் உண்மையில் என்ன நடக்கிறது? ஏழாம் நம்பர் அயனின் தலை ஏறக்குறைய 270 கிராம். பந்து 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள், பந்து நடுவில் படாவிட்டால் தலை திருகிக்கொள்ளும். திருகினால் முகம் திரும்பும், திசை கெடும், பந்துக்குப் போக வேண்டிய வேகமும் போகாது. திருகலை எதிர்க்கும் குணத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். யாழ்ப்பாணத்து நண்பர் நேற்றுச் சுட்டியது போல் இலங்கை வழக்கில் சடத்துவத் திருப்பம். எடை மையத்திலிருந்து விலக விலக இது கூடும். அதுவும் இரண்டு மடங்கு விலகினால் நான்கு மடங்கு கூடும்.

கழைக்கூத்தாடி நீளமான கழியைப் பிடித்துக்கொண்டு கயிற்றில் நடப்பது இதனால்தான். காவடி எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு முனையிலும் பால்குடம் கட்டிய தண்டோடு சட்டென்று திரும்பிப் பாருங்கள், தண்டு திரும்ப மறுக்கும். அதே இரண்டு குடத்தையும் தோளை ஒட்டிக் கட்டினால் சுலபமாகத் திரும்பிவிடலாம். மொத்தச் சுமையில் ஒரு குண்டுமணி கூட மாறவில்லை, இருக்கும் இடம்தான் மாறியது.

கோலிலும் அதே வேலைதான். முதுகின் நடுவிலிருந்து உலோகத்தைக் குடைந்து எடுத்து, விளிம்பைச் சுற்றி வைத்தார்கள். இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர். நாற்பது வயதைத் தாண்டித்தான் கோல்ஃப் ஆட ஆரம்பித்தார். உருட்டுகோலில் (பந்தைக் குழியை நோக்கித் தரையில் உருட்டும் கோல்) பந்து ஒழுங்காகப் போகவில்லை என்று 1959-இல் தானே ஒன்று செய்தார், எடையைத் தலையின் குதிகால் பக்கத்துக்கும் நுனிப்பக்கத்துக்கும் பிரித்து வைத்து. பந்தில் பட்டபோது எழுந்த ஓசையே பிங் என்று நிறுவனத்தின் பெயரானது. பிறகு அதே யோசனையை அயன்களுக்கும் கொண்டுபோனார். 1982-இல் வந்த பிங் ஐ-2 செட் இன்றும் சில பைகளில் இருக்கிறது. எங்கள் அண்ணன் அதைச் சுமந்திருக்கிறார்.

இங்கே ஒரு சின்ன விலகல், மன்னிக்கவும். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் பட்டறை வேலையில் இந்தக் குழிமுதுகு வடிவம் எளிதில் வராது. மெழுகில் வடிவம் செய்து, மேலே ஓடு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். சுவாமிமலையில் காவிரி வண்டலைப் பூசிச் சிலை வார்ப்பவர்கள் கைக்கொள்ளும் அதே வழிதான். ஓடு மட்டும் இவர்களுக்குப் பீங்கான் கலவை. ஆகவே ‘இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்’ என்பதற்கு யாரும் புதுச்சொல் தேட வேண்டாம். மெழுகுவார்ப்பு என்று நம்மிடம் இருக்கிறது. முந்தைய வரைவில் இருந்த ‘முதலீட்டு வார்ப்பு’ கட்டாயம் நீக்கப்பட வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை பொறை.

பொறை என்றால் பொறுத்தல் என்று எல்லோருக்கும் தெரியும். பாரம், சுமை என்றும் அதற்குப் பொருள் உண்டு. அகராதியைத் திறந்தால் இரண்டு பொருளும் இருக்கும். இந்தக் கோலுக்கு இதை விடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எடையை ஓரத்துக்கு நகர்த்தியதால் பிழையைப் பொறுக்கிறது. காரணமும் விளைவும் ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. எடையை ஓரத்தில் வைப்பது விளிம்புப்பொறை. அதனால் கிடைக்கும் குணம் பிழைபொறை, சுருக்கமாகப் பொறை. அந்தக் குணமுள்ள கோல் பொறைக்கோல். ‘இந்தக் கோலுக்குப் பொறை அதிகம்’, ‘நுனிப்பக்கம் பொறை போதாது’ என்று வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், இடறவில்லை. நுனியில் எஃகுக்குப் பதில் டங்ஸ்டன் துண்டு பதிப்பதையும் இதை வைத்தே சொல்லிவிடலாம். டங்ஸ்டன் எஃகைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடர்த்தி, சின்ன இடத்தில் பெரிய பொறை.

மும்பை மாட்டுங்கா நண்பர் தனிமடலில் ஓர் ஐயம் எழுப்பினார். அவர் ஒப்புதலோடு இங்கே வைக்கிறேன்:

> பொறியியல் வரைபடத்தில் டாலரன்ஸுக்குப் பொறுதி என்று எழுதிவருகிறோமே, பொறையோடு குழம்பாதா?

குழம்பாது என்று நினைக்கிறேன், ஐயா. பொறுதி நாம் அளவுக்குக் கொடுக்கும் இடைவெளி. 10 மில்லிமீட்டர் துளை 10.1 இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்று செய்பவருக்கு நான் சொல்வது அது. பொறை செய்து முடித்த பொருளின் குணம். என் மேசையில் இரண்டும் தினமும் வரும், இரண்டுக்கும் இரண்டு சொல் இருப்பதுதான் வசதி.

‘பிழைதாங்கி’ பற்றி. இதை முன்வைத்த தங்கைக்கு என் நன்றி, ஏனென்றால் மக்கள் வாயில் இருப்பது இதன் வினைதான். அண்ணன் சொன்ன ‘தாங்கும்’ அதுவே. பேச்சில் அது இருக்கட்டும், பயிற்சிக் குறிப்புகளில் வினையாக ‘தாங்கும்’ என்றே எழுதலாம். ஆனால் பெயர்ச்சொல்லாக்கும்போது சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் அது ஒரு தனிப்பொருளின் பெயராகிவிடுகிறது. அளந்து ஒப்பிட வேண்டிய குணத்துக்குச் சரிவரவில்லை. ‘இதன் பிழைதாங்கி அதிகம்’ என்று எழுத முடியாது.

அடுத்தது தூரம். ‘நெடுந்தொலைவு’ என்பதைப் பெயரில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். கூடுதல் தூரத்தின் பெரும்பகுதி முகத்தின் சாய்விலிருந்து வருகிறது. பழைய பிளேடில் ஏழாம் நம்பருக்குச் சாய்வு 34 முதல் 36 பாகை. இப்போதைய தூர அயன்களில் அதே ஏழு 28 முதல் 30 பாகை, சிலவற்றில் அதற்கும் கீழே. அதாவது அன்றைய ஐந்தாம் நம்பரின் அடியில் ஏழு என்று எழுதியிருக்கிறது. வெறுமனே சாய்வைக் குறைத்தால் பந்து தாழப் பறக்கும். எடையைக் கீழேயும் பின்னாலும் இறக்கி ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தியதால்தான் உயரம் குறையாமல் தூரம் கூடுகிறது. முகத்தை மெலிதாக்கியதும் உதவுகிறது, அது கொஞ்சம் வில்போல் வளைந்து பந்தைத் தள்ளும். கோல் நீளமும் கூடியிருக்கிறது. இதெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, நல்ல பொறியியல். ஆனால் நம்பர் ஓர் அளவு அன்று. எந்த விதியும் ஏழாம் நம்பருக்கு இத்தனை பாகை என்று கட்டுப்படுத்தவில்லை.

இதனால் வரும் சிக்கலை அண்ணன் வேலையில் பார்த்தவர். ஆடுபவர் மாறும்போது ‘140 கெஜத்துக்கு ஏழு’ என்று பழக்கத்தில் கோலை நீட்டினால், ஒருவருக்குச் சரியாக விழும், இன்னொருவருக்குப் குழி இருக்கும் பச்சைத்திடலை (கிரீன்) தாண்டிப் புதரில் போய் விழும். திட்டு வாங்குவது கோல்துணைவர்தான். அப்புறம், குறைந்த தூரத்துக்கான சாய்வு கூடிய கோல்களில் பிட்சிங் வெட்ஜ் 43 பாகைக்கு இறங்கிவிட்டது, மணல் வெட்ஜ் பழையபடி 56-இல் நிற்கிறது. நடுவில் 13 பாகைப் பள்ளம். அதை நிரப்ப ‘கேப் வெட்ஜ்’ என்று ஒன்று தனியாக வாங்க வேண்டும், பையில் 14 கோலுக்கு மேல் வைக்கவும் கூடாது.

எனவே கையேட்டில் கோலை நம்பரோடு பாகையும் சேர்த்தே எழுதுவோம்: ‘ஏழாம் கோல், 30 பாகை’. படிக்கும் பிள்ளைகள் பையை வாங்கியதும் முதலில் சாய்வு எவ்வளவு என்று ஆடுபவரிடம் கேட்கும் பழக்கம் வரட்டும்.

கோல்முகத்தில் பந்து சரியாகப் பட வேண்டிய இடமான ‘ஸ்வீட் ஸ்பாட்’டுக்கு ‘இனிப்பிடம்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அடி சரியாக விழுந்தால் அண்ணன் சொல்வது ‘வாகா பட்டுச்சு’. வாகுப்புள்ளி என்று வைத்தால் விளக்கமே தேவைப்படாது.

நேற்று மாலை அண்ணனிடம் பொறை என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். பவுடர் ஒட்டிய கோலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “எங்க பாட்டி விறகுச் சுமைய பொறைன்னுதான் சொல்லும்” என்றார். பிறகு ஏழாம் கோலை நுனியில் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஓரத்துலதான் இருக்கு” என்றார்.

சனிக்கிழமை இரவு வரைவை அனுப்ப வேண்டும். பொறை, விளிம்புப்பொறை, பொறைக்கோல், வாகுப்புள்ளி நான்கையும் இப்போதைக்குச் சேர்த்துவிட்டேன். பச்சைத்திடல் எனக்கு முழு நிறைவில்லை, அதற்கு நல்ல சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
தொம்மலூரிலிருந்து