பிக்கப் 14,000, கூஸ்நெக் 14,000: சாதாரண லைசென்ஸ் போதுமா?

கேள்வி: நாமக்கல்_டு_பிளேனோ

எல்லோருக்கும் வணக்கம். அப்பா நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்திருந்தார். பாடி கட்டும் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். இங்கே பதினான்கு வருடமாகக் கணினி முன்னால் உட்கார்ந்தாயிற்று. போன வருடம் கிரீன் கார்டு வந்ததும் பழைய ஆசை எட்டிப் பார்க்கிறது. வாரக் கடைசிகளில் டல்லாஸிலிருந்து ஓக்லஹோமா சிட்டி, லிட்டில் ராக் பக்கம் ஹாட்ஷாட் (பிக்கப்பில் டிரெய்லர் மாட்டி அவசரச் சரக்கு ஏற்றும் வேலை) ஓட்டலாம் என்று இருக்கிறேன்.

பார்த்து வைத்திருக்கும் வண்டி பின்னால் நான்கு டயர் போட்ட பழைய ஒரு டன் டீசல் பிக்கப் (ஒரு டன் என்பது ரகத்தின் பெயர்தான்). கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் ஜி.வி.டபிள்யூ.ஆர். (சரக்கோடு சேர்த்துத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அதிகபட்ச எடை) 14,000 பவுண்டு. டிரெய்லர் 30 அடி கூஸ்நெக் (பிக்கப்பின் முதுகில், சரக்குத் தட்டில் மாட்டும் வகை), 7,000 பவுண்டு அச்சு இரண்டு, அதன் ஸ்டிக்கரிலும் 14,000. டிரெய்லருக்கு 500 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

விற்பவர் சொல்லும் கணக்கு இது: வண்டி காலியாக 8,000, டிரெய்லர் காலியாக 6,400, சரக்கு 7,000. மொத்தம் 21,400. "26,000-ஐத் தொடவே மாட்டீர்கள், சி.டி.எல். (வணிக வண்டி லைசென்ஸ்) தேவையில்லை" என்கிறார். சரிதானா? பதிவு எங்கே, எந்த எடைக்குச் செய்வது?

பதில்: கேரி_அக்கா

கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. இதைப் படிக்கும் எச்-1பி தம்பிகளுக்காகச் சொல்கிறேன்: ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு வெளியே, சொந்த வண்டி ஓட்டிச் சம்பாதிப்பதும் அனுமதியில்லாத வேலைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

பதில்: ஒடெஸா_அண்ணாச்சி

தம்பி, முதலில் அந்த முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் எண்ணெய்க் கிணறுகளுக்குக் குழாயும் வால்வும் ஏற்றி ஒன்பது வருடம் ஓட்டியவன். உங்கள் விற்பனையாளர் சொன்ன அதே கணக்கை என்னிடமும் ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன். முதல் மாதத்திலேயே எடை நிலையத்தில் ஓரம் கட்டச் சொன்னார்கள். டிரெய்லர் காலி, இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன். அதிகாரி தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டார்ச் அடித்து வண்டி ஸ்டிக்கரைப் படித்தார், டிரெய்லர் ஸ்டிக்கரைப் படித்தார், கூட்டினார். 28,000. "லைசென்ஸ் கொடு" என்றார். வண்டி அங்கேயே நின்றது. சி.டி.எல். உள்ள நண்பர் ஒருவர் மூன்று மணி நேரம் ஓட்டி வந்து எடுத்துப் போனார். அபராதத்தைவிட அவர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

சட்டம் இதுதான்: இணைந்த வண்டியின் மதிப்பீட்டு எடை, உண்மையான எடை, இவற்றில் எது அதிகமோ அது 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருந்து, இழுக்கப்படும் டிரெய்லரும் 10,000-ஐத் தாண்டினால் கிளாஸ் ஏ சி.டி.எல். வேண்டும். நம் ஊர் ஆர்.சி. புக்கில் ஆர்.எல்.டபிள்யூ. (சரக்கோடு பதிவான மொத்த எடை) என்று போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான் இந்த ஸ்டிக்கர் எண். நீங்கள் பஞ்சு ஏற்றினாலும் இரும்பு ஏற்றினாலும் அது மாறாது. பிக்கப் விளம்பரப் புத்தகத்தில் இருக்கும் பெரிய கூட்டு எடையைக் காட்டி யாராவது பேசினால் காதில் வாங்காதீர்கள். சான்று ஸ்டிக்கரில் கூட்டு எடை அச்சாகியிருந்தால் அதையும் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் இரண்டு ஜி.வி.டபிள்யூ.ஆர்.களையும் கூட்டுவதுதான் வழி.

சரி, உங்களுக்கு என்ன வழி? 9,990 ஸ்டிக்கர் ஒட்டிய டிரெய்லர்கள் கிடைக்கின்றன. அதோடு உங்கள் 14,000 வண்டியைச் சேர்த்தால் 23,990. ஆனால் டிரெய்லரே 6,400 என்றால் ஏற்ற முடிவது 3,590 பவுண்டு. அதற்குப் பேசாமல் வீட்டில் இருக்கலாம். சட்டகம் இலேசான டிரெய்லர் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். 12,000 ஸ்டிக்கர் என்றால் கூட்டல் சரியாக 26,000, ஒரு பவுண்டில் தப்பிப்பீர்கள். சரக்கு 5,600. அந்த ஸ்டிக்கரைத் தயாரிப்பாளர்தான் ஒட்டித் தர வேண்டும், விற்பவர் கடையில் அச்சடித்துத் தருவது செல்லாது.

பலரும் போய் விழும் குழி முக்கால் டன் டீசல் பிக்கப். ஸ்டிக்கர் 10,000, டிரெய்லர் 14,000, மொத்தம் 24,000. காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் அந்த டீசல் வண்டிகள் பலவற்றில் முதுகில் தாங்கும் எடை 2,000 பவுண்டு சுற்றித்தான். கூஸ்நெக் தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைப் பிக்கப் முதுகில் போடும். 14,000-க்கு 2,800. அதோடு நீங்கள், டீசல், கட்டும் சங்கிலி. பின் அச்சு உட்கார்ந்து, முன் டயர் லேசாகி, மழையில் ஸ்டியரிங் காற்றைத் திருப்புகிற மாதிரி இருக்கும். அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது பின்னால் இரண்டே டயர் உள்ள ஒரு டன் வண்டி. ஸ்டிக்கர் 11,500. 14,000 டிரெய்லரோடு 25,500. அந்த வகையில் 12,000-க்கு மேல் ஸ்டிக்கர் உள்ளவையும் உண்டு, அதனால் மாடல் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். கதவைத் திறந்து பாருங்கள். முதல் லோடு ஏற்றியதும் டிரக் ஸ்டாப்பில் உள்ள தராசில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றும் தனித்தனியாக வரும்.

பதில்: இன்சூரன்ஸ்_மேசை

அண்ணாச்சி சொன்னது லைசென்ஸ் கணக்கு. அதற்குக் கீழே இன்னொரு கோடு 10,001-இல் இருக்கிறது. ரெட் ஆற்றைத் தாண்டி ஓக்லஹோமா போனாலே மாநிலம் விட்டு மாநிலம். 10,001 பவுண்டு தொட்டால் யு.எஸ்.டாட். எண் (கூட்டரசுப் போக்குவரத்துத் துறை தரும் அடையாள எண்), மருத்துவச் சான்று, ஓட்டும் நேரத்துக்கான விதிகள் எல்லாம் வரும். அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றினால் எம்.சி. என்று சொல்லும் அனுமதி வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 300 டாலர். அதோடு பி.ஓ.சி-3 (சட்ட நோட்டீஸ் வாங்க ஆள் நியமிக்கும் படிவம்), வருடாவருடம் யு.சி.ஆர். (மாநிலங்களுக்கான கூட்டுப் பதிவு). விண்ணப்பித்த மறுநாளிலிருந்து போன் விடாமல் அடிக்கும். "அரசுத் துறையிலிருந்து பேசுகிறோம்" என்கிற தொனியில் பணம் கேட்பார்கள். அவர்கள் தரகர்கள், வைத்துவிடுங்கள்.

இன்சூரன்ஸில் கூட்டரசு கேட்கும் குறைந்தபட்சம் 7,50,000 டாலர். ஆனால் லோடு தரும் புரோக்கர்கள் பெரும்பாலும் 10 லட்சம் டாலரும் தனிச் சரக்குக் காப்பீடும் கேட்பார்கள். சொந்தக் காருக்கு எடுத்த பாலிசியை நம்பி ஒரு மைல்கூடப் போகாதீர்கள். புதிய தொழிலுக்குப் பிரீமியம் கடுமை. வாரக் கடைசி மட்டும் ஓட்டினாலும் முழு வருடத்துக்கும் கட்ட வேண்டியிருக்கும். இதைக் கேட்டுப் பாதிப் பேர் என் மேசையிலிருந்தே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

பதிவு உங்கள் கவுண்டி வரி அலுவலகத்தில். பிக்கப்புக்குக் காம்பினேஷன் பிளேட் (டிரெய்லரோடு சேர்த்த எடைக்கான நம்பர் பிளேட்), கூஸ்நெக்குக்கு அதோடு ஓடும் டோக்கன் டிரெய்லர் பிளேட். டோக்கனுக்கு 15 டாலர்தான். பிக்கப் கட்டணம் வண்டி, டிரெய்லர், ஏற்றப்போகும் அதிகபட்சச் சரக்கு மூன்றும் சேர்ந்த எடைக்கு. 18,001 முதல் 25,999 வரை 205 டாலர், 26,000 தொட்டால் 340. கவுண்டிச் சில்லறைக் கட்டணங்கள் தனி. குறைத்துச் சொல்லி மிச்சம் பிடிக்காதீர்கள், தராசில் பிடிபட்டால் அந்த மிச்சம் போய்விடும். டெக்சஸில் 2025 முதல் சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனை இல்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வணிக வண்டிகளுக்கு அது தொடர்கிறது.

பதில்: நாமக்கல்_டு_பிளேனோ

எல்லோருக்கும் நன்றி. முன்பணத்தில் 350 டாலர் திரும்பி வந்தது. மீதி "பேப்பர் வேலைக்கு" என்று சொல்லிவிட்டார். விட்டுவிட்டேன். நேற்று கார்லண்டில் ஒரு வண்டி பார்த்தேன், பின்னால் இரண்டே டயர், கதவுத் தூணில் 11,400. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ் மேற்கோள் வரும்வரை கையெழுத்து போடப்போவதில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஏன்டா, ஆர்.எல்.டபிள்யூ. பார்க்காமலா அட்வான்ஸ் கொடுத்தே?" என்றார்.