மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் படிப்புக்கு வரிப்பணம்: உண்மையில் பலன் உண்டா?

நடைவண்டி கேட்டது:

பள்ளியில் சேரும் வயதுக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்விக்கு அரசு செலவு செய்ய வேண்டும் என்று ஒரு தரப்பு விடாமல் சொல்கிறது, போட்ட பணம் பல மடங்காகத் திரும்பி வரும் என்று கணக்கும் காட்டுகிறது. இன்னொரு தரப்பு, அந்தப் பலனெல்லாம் மூன்றாம் வகுப்புக்குள் கரைந்துவிடும், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் வேலை, அரசு ஏன் நுழைய வேண்டும் என்கிறது. இரண்டு பேரும் ஆய்வுகளைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு இது வெறும் வாதம் இல்லை. எந்த வீட்டில் பிறந்தோம் என்பதே ஒரு பிள்ளையின் தொடக்கத்தை முடிவு செய்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் பலன் இல்லாத இடத்தில் பணத்தைக் கொட்டச் சொல்லவும் மனம் வரவில்லை. படித்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். கொடுப்பதாக இருந்தால் எல்லாருக்குமா, ஏழைக் குடும்பங்களுக்கு மட்டுமா?

எண்சுவடி:

பல மடங்கு கணக்கில் பெரும்பகுதி ஒரு சிறிய ஆய்விலிருந்து வருகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி பாலர் பள்ளித் திட்டம். மொத்தம் 123 பிள்ளைகள், எல்லாரும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதில் 58 பேருக்குத்தான் வகுப்பு, மற்றவர்கள் ஒப்பீட்டுக்கு. நாற்பது வயது வரை அவர்களைத் தொடர்ந்து போய்ப் பார்த்தபோது, வகுப்புக்குப் போனவர்களின் வருமானம் கூடுதலாக இருந்தது, கைதானவர்கள் குறைவாக இருந்தார்கள். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய குழுவும் இதை ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீத வருவாய் தரும் முதலீடு என்று கணக்கிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்ணில் கிடைத்த ஏற்றம் ஆரம்பப் பள்ளிக் காலத்திலேயே மறைந்துவிட்டது. அங்கேயே ஆய்வை நிறுத்தியிருந்தால் "திட்டம் தோல்வி" என்று எழுதி மூடியிருப்பார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகர அரசுப் பாலர் வகுப்புகளிலும் இதே கதைதான். அங்கே இடம் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டதால் ஒப்பிடுவது எளிது. மாநிலத் தேர்வு மதிப்பெண்ணில் பெரிதாக எதுவும் தெரியவில்லை, ஆனால் இடம் கிடைத்தவர்கள் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்லூரிக்குப் போனது கூடியிருந்தது. அதனால் மூன்றாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கறார்கணக்கு:

நல்லதாக வந்த ஆய்வுகளை மட்டும் சொன்னால் எப்படி? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசு நடத்திய பாலர் வகுப்புகளை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். கிட்டத்தட்ட 3,000 பிள்ளைகள், அங்கேயும் குலுக்கல்தான். 2022-இல் வெளிவந்த முடிவின்படி, வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் போகாதவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள், ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதிகமாக ஆளானார்கள். கனடாவின் கியூபெக் 1997-இல் ஒரு நாளைக்கு ஐந்து டாலர் என்று குழந்தைக் காப்பகக் கட்டணத்தை இறக்கியது. தாய்மார்கள் வேலைக்குப் போவது நன்றாகவே கூடியது. ஆனால் பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடின என்று பேக்கர், குரூபர், மில்லிகன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் 58 பிள்ளைகளுக்குக் கிடைத்த பலனைக் காட்டி நாடு முழுக்க வரி வாங்குவது நியாயமா? வீட்டிலிருந்தே பிள்ளையை வளர்க்கும் தாயும் அந்த வரியைத்தானே கட்டுகிறாள்?

கரும்பலகை:

பாலர் வகுப்பில் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் இருவரும் சொன்னது ஒன்றையொன்று மறுக்கவே இல்லை. பெர்ரியில் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒரு ஆசிரியருக்கு ஆறு பிள்ளைகள் அளவில்தான் வகுப்பு, வாரம் ஒருமுறை டீச்சர் வீட்டுக்கே போய் அம்மாவோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். கியூபெக்கில் ஒரே சமயத்தில் கூட்டம் அலைமோத, இடங்களை வேகமாகப் பெருக்க வேண்டியிருந்தது. பல காப்பகங்களின் தரம் சுமார்தான் என்று அங்கேயே நடந்த ஆய்வுகள் காட்டின. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு "பாலர் கல்வி பலன் தருமா" என்று கேட்டால் பதில் எப்படி ஒன்றாக வரும்?

நான்கு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரை ஒருவர் பார்க்கிறார் என்றால் அந்த நாளில் பெரும்பகுதி வரிசையில் நிற்கவைப்பது, கைகழுவ அழைத்துப் போவது, சத்தம் போடாதே என்பதிலேயே போய்விடும். ஒரு பிள்ளை கட்டையை அடுக்கிவிட்டு ஏதோ சொல்ல வரும்போது குனிந்து கேட்டு, மறுகேள்வி போட்டு, அதன் பேச்சை நீட்டிவிட நேரமே இருக்காது. அந்த நேரம்தான் இந்த வயதில் படிப்பு. அதை அ, ஆ எழுதவைத்து ஈடுகட்ட முடியாது. பணம் கட்டடத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் போய், டீச்சருக்குக் கடைநிலைச் சம்பளம் என்றால் நல்ல டீச்சர்கள் ஒரு வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் மறுபடி ஒரு புது முகத்தோடு பழக வேண்டும். ஆகவே என் பதில்: அரசு கட்டாயம் செலவு செய்ய வேண்டும், அதில் முதல் பங்கு ஆசிரியர் சம்பளத்துக்கும் சிறிய வகுப்புக்கும் போக வேண்டும். அதற்குப் பணம் போதாதென்றால் குறைந்த இடங்களோடு தொடங்கட்டும், தரத்தில் கைவைக்கக் கூடாது.

நடைவண்டி:

நன்றி, இப்போதுதான் ஆய்வுகள் ஏன் முட்டிக்கொள்கின்றன என்று பிடிபடுகிறது. எல்லாருக்குமா, சிலருக்கா என்பதை யாரும் தொடவில்லையே?

எண்சுவடி:

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம், இதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 1965-இல் அமெரிக்கா தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் என்ற பாலர் கல்வித் திட்டம் அவர்களுக்கென்றே வந்ததுதான். ஆனாலும் ஏழைகளுக்கு மட்டும் என்று வைத்தால், சம்பளச் சான்று கொண்டுவா, விண்ணப்பம் நிரப்பு என்று அலையவிடுவதிலேயே மிகவும் தேவைப்படுகிற குடும்பம் விலகிப் போய்விடும். கொஞ்சம் வருமானம் கூடினால் இடம் பறிபோகும் என்ற பயம் வேறு. எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டு, கட்டணத்தை மட்டும் வருமானத்துக்கு ஏற்ப வைப்பது, அடியில் இருப்பவர்களுக்கு முழு இலவசம், இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வீட்டில் வளர்க்கும் தாய்க்கு என்ன என்று கறார்கணக்கு கேட்டதும் நியாயமான கேள்வி. நார்வே 1998-இல், அரசு உதவியோடு நடக்கும் காப்பகத்தைப் பயன்படுத்தாத பெற்றோருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அதனால் தாய்மார்கள் வேலைக்குப் போவது குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கறார்கணக்கு:

கரும்பலகை சொன்ன நிபந்தனையோடு என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. ஆனால் அந்த நிபந்தனையைச் சட்டத்திலேயே எழுதட்டும், ஒரு ஆசிரியருக்கு இத்தனை பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று. எழுதாமல் பணத்தை மட்டும் ஒதுக்கினால் டென்னசியில் நடந்ததுதான் நடக்கும் என்ற கவலை எனக்குப் போகவில்லை.