எட்டு வயதுப் பையன்: ஏ.டி.எச்.டி.யா, டிஸ்லெக்ஸியாவா?

அல்சூர் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் சிபிஎஸ்இ பள்ளியில் என் பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான், எட்டு வயது முடிந்துவிட்டது. டயரியைத் திறந்தாலே சிவப்பு மைதான்: நோட்ஸ் முடிக்கவில்லை, பக்கத்தில் இருப்பவனிடம் பேச்சு, பென்சிலைக் கடிக்கிறான். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) மாதிரி இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று மிஸ் சொல்லிவிட்டார். தனியார் சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் போனோம். ஒன்றரை மணி நேரம் டெஸ்ட் வைத்துவிட்டு, இது டிஸ்லெக்ஸியா (எழுத்தைப் படிப்பதில் வரும் சிக்கல்), வேறு எதுவும் இல்லை என்று ரிபோர்ட் கொடுத்துவிட்டார். மாமியாரோ, "உன் புருஷனும் இப்படித்தான் இருந்தான், இன்றைக்கு ஐடியில் இல்லையா?" என்கிறார். எனக்குத்தான் தலை சுற்றுகிறது. புத்தகத்தை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தண்ணீர், பாத்ரூம், கொசு. ஆனால் தாத்தா கதை சொன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் கேட்பான். இரண்டில் எது? மாத்திரை கொடுத்தால் படிப்பும் சரியாகிவிடுமா?

கே.ஆர்.புரம் அப்பா:
அக்கா, "இரண்டில் எது" என்று கேட்டுக்கேட்டே நாங்கள் ஒன்றரை வருடத்தை வீணாக்கினோம். எங்கள் மகளுக்கு இரண்டும் இருந்தது. குதிக்கிற ஓடுகிற பிள்ளை இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பாள், அதனால் ஏ.டி.எச்.டி. என்று யாருக்குமே தோன்றவில்லை. எல்.டி. (கற்றல் குறைபாடு, டிஸ்லெக்ஸியா இதில் ஒரு வகை) மட்டும்தான் என்று நினைத்து ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் அனுப்பினோம். பாதி நேரம் அவரால் இவளை வரியில் பிடித்து வைக்கவே முடியவில்லை. அப்புறம் சைக்கியாட்ரிஸ்ட் பார்த்து மெத்தில்பெனிடேட் என்கிற ஏ.டி.எச்.டி. மாத்திரை எழுதினார். ஒரு மாதத்தில் இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் புத்தகத்தில் கவனம் வைக்க ஆரம்பித்தாள். படிப்பு? முன்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தப்பாகப் படித்தாள், இப்போது வரியைப் பார்த்துத் தப்பாகப் படித்தாள், அவ்வளவுதான்! எழுத்தையும் ஒலியையும் சேர்க்க யாராவது கற்றுக்கொடுத்தால்தான் வரும், மாத்திரை அதைச் செய்யாது. ஆனால் கற்றுக்கொடுப்பது உள்ளே போக அந்த இருபது நிமிடம் வேண்டியிருந்தது.

நம்ம ஊர்க்காரன்:
எல்லாம் மொபைல் செய்கிற வேலை. பிடுங்கி வையுங்கள், பத்து நாளில் சரியாகும்.

சிறப்பாசிரியை, ஜெயநகர்:
மேலே மொபைல் என்று எழுதியவருக்கு: மொபைல் வருவதற்கு முன்பே இந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள், "மக்கு" என்று பெயர் வைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தோம்.

அல்சூர் அம்மாவுக்கு: கதை கேட்கும்போது உட்காருகிறான், படிக்கும்போதுதான் ஓடுகிறான் என்பது முக்கியமான தகவல். படிப்பதே மலை ஏறுவது போல இருந்தால் எந்தக் குழந்தையும் தப்பிக்கத்தான் பார்க்கும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது கவனக்குறைவாகத் தெரியும். ஆனால் அதை மட்டும் வைத்து ஏ.டி.எச்.டி. இல்லை என்று சொல்லிவிட முடியாது, பிடித்த விஷயத்தில் அந்தக் குழந்தைகளும் மூழ்கிப் போவார்கள். படிப்பு இல்லாத இடத்தில் கவனியுங்கள். ஷூ மாட்டப் போனவன் ஒரு காலோடு பால்கனியில் நிற்கிறானா, கேரம் ஆட்டத்தில் தன் முறை வரும்வரை பொறுக்கிறானா? வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடத்தில், ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஏ.டி.எச்.டி. பற்றியே பேச வேண்டும். அதற்கு நீங்களும் மிஸ்ஸும் அவன் நடந்துகொள்வது பற்றித் தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும். ஒரே ஒரு முறை டெஸ்ட் வைத்துவிட்டு "வேறு எதுவும் இல்லை" என்று எழுதியதை நான் நம்ப மாட்டேன். ஒன்று இருக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மற்றதும் இருக்கிறது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள் (இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்). அர்த்தமே இல்லாத ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதிப் படிக்கச் சொல்லுங்கள். தெரிந்த சொற்களைப் பிள்ளைகள் உருவம் பார்த்து ஊகித்துவிடுவார்கள், இதில் அது நடக்காது. அப்புறம் வாயால் கேளுங்கள், "க்ளாப்" என்பதில் "க்" போனால் என்ன மிச்சம்? ஒலியைப் பிரிக்கத் தடுமாறினால் சிக்கல் அங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என்று வளர்கிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் டெஸ்ட் வைத்திருந்தால் ரிபோர்ட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். கண், காது பார்த்தாகிவிட்டதா?

அப்பார்ட்மெண்ட் அண்ணாச்சி:
காகித விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனிப் பெயராக இல்லை. அதனால் இரண்டும் இருக்கிற பிள்ளைக்கு ரிபோர்ட்டில் எல்.டி. விட்டுப்போனால் பின்னால் கஷ்டம். சிபிஎஸ்இ பொதுத் தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவார்கள், எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம், மூன்றாவது மொழியிலிருந்தும் விலக்கு உண்டு. தனியார் ரிபோர்ட் போதாது, அரசுச் சான்றிதழ் வேண்டும். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸை (மத்திய அரசின் மனநல மருத்துவமனை) வைத்துக்கொண்டு வேறு எங்கே அலைகிறீர்கள்? குழந்தைகளுக்கென்றே அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, எல்.டி.க்கு நாடு முழுக்கப் பயன்படுத்துகிற டெஸ்ட்டே அவர்கள் உருவாக்கியதுதான். கூட்டம் இருக்கும், டிஃபின் கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.

அல்சூர் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. கண் பார்த்தாயிற்று, காது பார்க்கவில்லை, இந்த வாரம் போகிறோம். மிஸ்ஸிடம் படிவம் பற்றிப் பேசினேன், நிரப்பித் தருகிறேன் என்றார்.

ஜெயநகர் மேடம், இன்று காலையில் "ட்ரிஃப்" என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு "டிஃபின்" என்றான். இல்லை, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லு என்றால் எழுத்துகளின் பெயர் எல்லாம் சரியாக வருகிறது, சேர்க்கச் சொன்னால் மறுபடியும் டிஃபின். "க்ளாப்"பும் வரவில்லை. ஷூ விஷயம் கேட்டீர்களே, அதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் பள்ளி வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இவன் ஒரு சாக்ஸோடு மீன் தொட்டி முன்னால் நிற்கிறான்.