ஃப்ரீபிஎஸ்டி ஜெயில்கள்: ஒரே பேஸுக்கு மாற்ற வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை சர்வர். ஃப்ரீபிஎஸ்டி 14 ஓஎஸ், இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம். பச்சை இலை எடைக்கணக்கு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் என்று 9 ஜெயில்கள் (ஒரே கெர்னலில் தனித்தனியாக ஓடும் அடைப்புகள்), ஒவ்வொன்றிலும் முழு பேஸ் (ஓஎஸ்ஸின் அடிப்படை ஃபைல்கள்). செக்யூரிட்டி பேட்ச் வந்தால் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கமாண்டை 9 முறை ஓட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனால் ஓட்டை அப்படியே கிடக்கும்.

பேஸின் இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டிலிருந்து (ஒரு கணத்தில் இருந்த நிலை) குளோன் எடுத்தால் இடம் மிச்சம், அவ்வளவுதான். மூலத்தில் போடும் பேட்ச் குளோனுக்குப் போகாது. ஆகவே ஒரே பேஸை நல்எஃப்எஸ் (ஒரு ஃபோல்டரை இன்னொரு இடத்திலும் தெரியவைக்கும் வசதி) வழியாக ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, இடிசி (செட்டிங்ஸ்), வார் (மாறும் டேட்டா), யுஎஸ்ஆர்-லோக்கல் (தனியாக நிறுவிய ஆப்கள்) ஃபோல்டர்கள் மூன்றையும் ஜெயிலுக்கு ஜெயில் தனியாக வைக்கப் போகிறேன். ஹோஸ்ட் (ஜெயில்களைத் தாங்கும் சர்வர்) கெர்னலைவிட பேஸ் புதிதாக இருக்கக் கூடாது என்பதால் முதலில் ஹோஸ்ட், பிறகு பேஸ்.

வெர்ஷன் மாறும்போது 9 இடிசி-களையும் மெர்ஜ் செய்ய, இடிசிஅப்டேட் கமாண்டுக்கு ஒரே டார்பாலை (புது வெர்ஷன் இடிசி ஃபைல்களின் தொகுப்பு) எல்லாவற்றுக்கும் கொடுக்கிறவர்கள் இருக்கிறீர்களா? ஸ்கிரிப்ட் இருந்தால் பகிருங்கள்.

இன்னொன்று, மழைக்காலக் கரண்ட் கட். கரண்ட் வந்து சர்வர் மறுபடி கிளம்பும்போது, ஜெயில் கான்ஃப் ஃபைலில் டிபெண்ட் (எது முதலில் என்ற செட்டிங்) போட்டாலும் ஜெயில் கிளம்பும் வரிசைதான் கிடைக்கிறது. திடீரென நின்ற டேட்டாபேஸைச் சரிசெய்யும் போஸ்ட்கிரெஸ் ரெகவரி 60 விநாடியைத் தாண்டினால், அதைக் கிளப்பும் பிஜி-சிடிஎல் கமாண்ட் காத்திருப்பதை விட்டுவிடுகிறது. எடைக்கணக்கு ஆப் டேட்டாபேஸ் கிடைக்காமல் விழுகிறது. டேட்டாபேஸ் தயாரா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிஜி-இஸ்ரெடி லூப்பை போஸ்ட்கிரெஸ் ஜெயிலின் போஸ்ட்ஸ்டார்ட்டில் (ஜெயில் கிளம்பிய பின் ஓடுவது) வைக்கலாமா, ஆப் ஜெயிலின் ப்ரீஸ்டார்ட்டிலா (கிளம்பும் முன் ஓடுவது)? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.